முதுகில் சைக்கிள்… முன்னால் ஏலகிரி!

‘மச்சி, சைக்கிள்ல ஏலகிரி ஏறணும்டா!’

ஹாஸ்டல் மொட்டை மாடியில், ராத்திரி பதினோரு மணிக்கு, யார் வேணும்னாலும் இந்த டயலாக்கை எடுத்து விடலாம். கைதட்டலும் கிடைக்கும். ஆனா, காலையில எழுந்து மேப்பைப் பார்த்தாதான் விஷயம் புரியும். சென்னையில் இருந்து ஏலகிரி கிட்டத்தட்ட 230 கிலோமீட்டர். அதில் நாம ஆசைப்பட்டு மிதிக்க நினைக்கிறது கடைசியா வர்ற மலைப்பாதையை மட்டும்தான். மிச்சமெல்லாம் லாரி, ஆம்னி பஸ், கன்டெய்னர், தூசி! அதை மிதிச்சு முடிச்சு அடிவாரம் போய்ச் சேர்ந்தா, மலை ஏற முட்டியில தெம்பு இருக்காது.

அப்போ என்ன வழி? ஹைவேக்குக் கார், மலைக்கு சைக்கிள். நாங்க நாலு பேர். கையில ரெண்டு சைக்கிள். நண்பனோட அப்பாகிட்ட ஒரு ஹேட்ச்பேக் கார். கணக்கு சரியா வந்துடுச்சு. காருக்குள்ள நாலு பேர், காரோட முதுகுல ரெண்டு சைக்கிள்!

அந்த முதுகுல சைக்கிளைத் தூக்கி வைக்கிற சமாசாரத்துக்குப் பேர்தான் டிக்கி ரேக். ஒரு இரும்பு ஃப்ரேம், நாலு முதல் ஆறு நைலான் பட்டை, ஒவ்வொரு பட்டை முனையிலும் ரப்பர் பூசின கொக்கி… அவ்வளவுதான். பார்க்க ஏதோ ஜிம்முக்கு வாங்கின சாமான் மாதிரி இருக்கும். ஆனா, மொத்தப் பயணமும் அந்தக் கொக்கிகளை நம்பித்தான்!

கார் தர்ற அப்பா ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். “சாவி தர்றேன்பா. பெயின்ட்ல ஒரு கீறல், டிக்கியில ஒரு பள்ளம் விழுந்துச்சுன்னா அடுத்த டிரிப்புக்கு நீங்க பஸ்லதான்!” சைக்கிள் தர்ற நண்பன் சத்தமே போடலை. “ட்யூஷன் எடுத்து ரெண்டு வருஷம் சேர்த்த காசுடா” என்று மட்டும் சொன்னான். அதுக்கப்புறம், கண்ணுல பட்ட ரேக்கை வாங்கி மாட்டுற தைரியம் யாருக்கு வரும்?

கூரையா… டிக்கியா?

சைக்கிளைக் காரில் கொண்டு போக நாலு வழி இருக்கு. முதல் வழி, காசே இல்லாதது. ரெண்டே பேர்தான் போறீங்கன்னா, பின் சீட்டை மடக்கி, சைக்கிளோட முன் சக்கரத்தைக் கழற்றி, பெட்ஷீட் போட்டு உள்ளேயே படுக்க வெச்சிடலாம். ரேக்கும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாலு பேர்னா இது நடக்காது.

ரெண்டாவது, கூரை மேல நிறுத்துறது. பார்க்க கெத்துதான். ஆனா, அதுக்குக் காரின் மேல குறுக்குக் கம்பிகள் இருக்கணும். நம்ம ஊர் ஹேட்ச்பேக் நிறையவற்றில் அது கிடையாது, தனியா வாங்கி மாட்டணும். அதோட, ஒன்றரை மீட்டர் உயரக் கார் சைக்கிளையும் சேர்த்தா இரண்டரை மீட்டர் ஆகிடும். மேல சைக்கிள் இருக்கிறதை மறந்து ஒரு பேஸ்மென்ட் பார்க்கிங்குக்குள்ள நுழைஞ்சா, முடிஞ்சது கதை! காத்து மோதுறதால பெட்ரோலும் கூடக் குடிக்கும்.

மூணாவது, காரின் அடியில் இழுவைக் கொக்கி பொருத்தி அதில் மாட்டுற ரேக். உறுதியில இதுதான் ராஜா. வெளிநாட்டில் இது சகஜம். நம்ம கார்களில் அந்த அமைப்பு பெரும்பாலும் வர்றதில்லை.

நாலாவதுதான் நம்ம டிக்கி ரேக். விலை குறைவு, பத்து நிமிஷத்தில் மாட்டலாம், கழற்றி மடக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிடலாம். அதனாலதான் ஸ்டூடன்ட் பட்ஜெட்டுக்கு இது செல்லப்பிள்ளை.

இந்த ரேக்குக்கு ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக்கும் உண்டு. 1967-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஆலன் என்பவர் தன் வீட்டு கராஜில் இதைச் செஞ்சு பார்த்தார். அவர் பேரிலேயே ஆலன் ரேக் இன்னிக்கும் விற்குது. இன்னொரு பெரிய பேர், ஸ்வீடனின் தூலே. 1942-ல் அந்த கம்பெனி ஆரம்பிச்சப்போ வித்தது என்ன தெரியுமா? மீன் பிடிக்கிற பொறி! காருக்கும் அவங்களுக்கும் அப்போ சம்பந்தமே இல்லை. நம்ம ஊர் ஃப்ளாஷ்பேக் தனி. டவுன் பஸ் முதுகில் ஏணி வெச்சு, மேல கேரியர்ல காய்கறிக் கூடைக்கு நடுவுல சைக்கிளைப் படுக்க வெச்சுக் கயிறு கட்டி அனுப்பினவங்க நம்ம தாத்தாக்கள். டெக்னாலஜிதான் புதுசு, ஐடியா பழசு!

‘என்ன கார் தம்பி?’

ரேக் வாங்க சைக்கிள் கடை கடையா ஏறி இறங்கினோம். அதில் கத்துக்கிட்ட முதல் பாடம் இது: நல்ல கடைக்காரர் முதலில் உங்க பட்ஜெட்டைக் கேட்க மாட்டார். “என்ன கார் தம்பி? எந்த வருஷ மாடல்?” என்றுதான் கேட்பார். “எல்லா வண்டிக்கும் செட் ஆகும், எடுத்துக்கோங்க” என்று சொன்ன கடையில் இருந்து நாங்க ‘டீ குடிச்சிட்டு வர்றோம்ணே’ என்று கிளம்பிட்டோம்.

ஏன்னா, ரேக்கைத் தேர்ந்தெடுக்கிறது நாம இல்லை பாஸ். காரோட பின்பக்கம்தான் தேர்ந்தெடுக்குது! ஒரே கம்பெனியோட ரெண்டு கார்ல கூட ஒண்ணுக்குப் பொருந்துற ரேக் இன்னொண்ணுக்குப் பொருந்தாது. பெரிய ரேக் கம்பெனிகள் எந்தக் காருக்கு எந்த ரேக், அதில் எந்தக் கொக்கி எங்கே மாட்டணும்னு ஒரு பட்டியலே வெச்சிருக்காங்க. பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி அதைப் பார்த்திடுங்க.

பட்டியல் இல்லாட்டி? காருக்குப் பின்னால போய் உட்காருங்க. டிக்கிக் கதவின் ஓரத்தை விரலால் சுத்தித் தடவுங்க. மேல், கீழ், ரெண்டு பக்கமும். கொக்கி கவ்வுற இடம் மடிச்ச இரும்புத் தகடா இருக்கணும். பிளாஸ்டிக் ஸ்பாய்லர்னா ஆகாது, பாரம் ஏறினா உடையும். கண்ணாடி ஓரம்னா நினைக்கவே கூடாது. கொக்கி நுழையற அளவு இடுக்கு இருக்கா, கதவை மூடினப்புறமும் கொக்கி நசுங்காம உட்காருதான்னு பாருங்க. ஸ்டெப்னியைப் பின்கதவில் மாட்டியிருக்கிற ஜீப் மாதிரி வண்டின்னா இந்த ரேக் சரிப்படாது. ஸ்டெப்னி மேலயே உட்கார்ற மாதிரி வேற மாடல் இருக்கு.

நாங்க கடைக்குக் காரையே ஓட்டிட்டுப் போயிட்டோம். கடைக்காரர் சலிச்சுக்காம மூணு ரேக்கை மாட்டிக் காட்டினார். முதல் ரேக்கின் மேல் கொக்கி, ஸ்பாய்லர் பிளாஸ்டிக்கில் போய் நின்னுது. ரெண்டாவதின் கீழ்க் கால், பம்பருக்குப் பதிலா நம்பர் பிளேட் மேல உட்கார்ந்துச்சு. மூணாவதுதான் சமர்த்தா நாலு பக்கமும் தகட்டைப் பிடிச்சது. விலையில் அது நடுவாந்திரம். சில ஆயிரத்தில் ஆரம்பிச்சு, ஒரு நல்ல கியர் சைக்கிள் விலை வரைக்கும் ரேக் இருக்கு. ஆனா, எங்க கார் சொன்ன பதில் அந்த நடுவாந்திரம்!

பட்டைகளுக்கு என்ன வேலைன்னு அவர்தான் அழகா விளக்கினார். “மேல் பட்டை சைக்கிள் பாரத்தைத் தூக்குது தம்பி. கீழ்ப் பட்டை பள்ளத்துல வண்டி குதிக்கிறப்ப ரேக் எம்பாமப் பிடிச்சுக்குது. சைடு பட்டை வளைவுல ஆடாமப் பாத்துக்குது. மூணுல ஒண்ணை விட்டாலும் மத்த ரெண்டும் பாவம்!” எங்க மெக்கானிக்கல் புரொஃபசர் ஒரு செமஸ்டர் பூரா நடத்தின பாடம், மூணே வரியில்!

கிலோ கணக்கு… சென்டிமீட்டர் கணக்கு!

அடுத்தது எடை. ரெண்டு சைக்கிள் தாங்குற ரேக்குக்குப் பெரும்பாலும் ஒரு சைக்கிளுக்கு 16 கிலோ, மொத்தம் 32 கிலோன்னு வரம்பு வெச்சிருப்பாங்க. கியர் வெச்ச அலுமினிய சைக்கிள்னா இதுக்குள்ள அடங்கிடும். ஆனா, தாத்தா காலத்துக் கறுப்பு சைக்கிள், கேரியர், ஸ்டாண்டு, செயின் கார்டு எல்லாம் சேர்ந்தா இருபது கிலோவைத் தொட்டுடும். பேட்டரி சைக்கிளும் அப்படித்தான். ‘ரெண்டு சைக்கிள் ரேக்’னு அட்டையில் போட்டிருக்கிறதை நம்பி ரெண்டு கறுப்பு சைக்கிளைத் தூக்கி மாட்டினா, தப்பு ரேக் மேல இல்லை.

எடை பார்க்க தராசு தேட வேண்டாம். எடை மெஷின்ல நீங்க தனியா ஒரு தடவை, சைக்கிளைத் தூக்கிக்கிட்டு ஒரு தடவை ஏறுங்க. கழிச்சா சைக்கிளோட எடை. (உங்க எடையைப் பார்த்து ஷாக் ஆகாதீங்க, அது வேற கட்டுரை!)

அப்புறம் அகலம். ஸ்விஃப்ட் மாதிரி ஒரு காரின் அகலம் 1,735 மில்லிமீட்டர். பெரிய சக்கரம் வெச்ச மவுன்டன் சைக்கிளின் நீளம் 1,800-ஐத் தாண்டும். அதாவது, குறுக்கே மாட்டினா காரை விட சைக்கிள் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும்! டிரைவர் சீட்டில் இருக்கிறவனுக்கு அது ஞாபகமே இருக்காது. பக்கத்தில் ஒட்டி வர்ற பைக்காரரின் முழங்கைக்குத்தான் தெரியும். வழி சிம்பிள்: முன் சக்கரத்தைக் கழற்றி டிக்கிக்குள்ள போட்டுடுங்க. அகலமும் குறையும், எடையும் குறையும்.

லேடீஸ் சைக்கிள் மாதிரி நடுவில் நேர் கம்பி இல்லாத ஃப்ரேமை இந்த ரேக்கில் அப்படியே தொங்கவிட முடியாது. சீட்டுக்கும் ஹேண்டில் பாருக்கும் நடுவில் மாட்ட தனியா ஒரு கம்பி விற்குது, அதையும் சேர்த்து வாங்கணும். எங்க ரெண்டு சைக்கிளில் ஒண்ணு அந்த ரகம். நண்பனோட தங்கச்சி சைக்கிள் அது!

சட்டமும் கொஞ்சம் தெரிஞ்சுக்கலாம். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினப்போ, அனுமதிச்ச அளவைத் தாண்டி பாரம் பக்கவாட்டிலோ பின்னாலோ நீட்டிக்கிட்டிருந்தா 20,000 ரூபாய் அபராதம்னு சேர்த்தாங்க. நாலு பேரோட ஒரு மாச மெஸ் பில்! நம்பர் பிளேட், பிரேக் லைட், இண்டிகேட்டர் மூணும் மறையவே கூடாது. பிரிட்டன்ல சைக்கிள் நம்பர் பிளேட்டை மறைச்சா, அதே நம்பரும் லைட்டும் வெச்ச தனிப் பலகையைச் சைக்கிளுக்குப் பின்னால கட்டணும். நாங்க ரேக் கையை மேல ஏத்தி வெச்சு, நம்பர் பிளேட் பளிச்னு தெரியற உயரத்துக்கு சைக்கிளைத் தூக்கினோம். இன்னொண்ணு, கீழ்ச் சக்கரம் சைலன்சர் புகைக்கு நேரா வரவே கூடாது. மூணு மணி நேரச் சூடு பட்டா டயர் டயராவே இருக்காது!

கிளம்பியாச்சு!

விடியக்காலை நாலரை மணி. முதல் வேலை, காரைக் கழுவினது. சோம்பேறித்தனம் பார்க்காதீங்க. ரேக்கோட பஞ்சுக் காலுக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் மண் இருந்தா, வண்டி ஆட ஆட அது உப்புத்தாள் மாதிரி தேய்ச்சுடும். ரெண்டாவது வேலை, எல்லா பையையும் டிக்கிக்குள்ள வெச்சது. சைக்கிளை மாட்டினப்புறம் டிக்கியைத் திறக்க முடியாது. தண்ணி பாட்டில், பஞ்சர் கிட், சட்டை எல்லாத்தையும் முதல்லயே யோசிச்சு, வேண்டியதை சீட்டுப் பக்கம் எடுத்துக்கணும்.

சைக்கிளைத் தூக்கினோம். கனமானது காரை ஒட்டி உள்ளே, லேசானது வெளியே. ஹேண்டில் பாரும் பெடலும் கண்ணாடியில் இடிக்காம இருக்க நடுவில் பழைய பனியனைச் சுத்தினோம். மிச்சம் தொங்கின பட்டை முனையை எல்லாம் முடிச்சுப் போட்டு அடக்கினோம். பிறகு, சைக்கிளைப் பிடிச்சு ஒரு ஆட்டு ஆட்டினோம். சைக்கிள் மட்டும் ஆடினா கட்டு சரியில்லை, காரே சேர்ந்து ஆடினா கட்டு சரின்னு அர்த்தம். கார் ஆடுச்சு. விசில்!

ரிவர்ஸ் எடுத்தப்போ ஒரு காமெடி. 2019 ஜூலைக்கு அப்புறம் வந்த கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். அது பின்னால தொங்கற சைக்கிளைச் சுவர்னு நினைச்சு ‘பீப் பீப்’னு கதறுச்சு. ஒருத்தன் இறங்கிக் கையைக் காட்டினாத்தான் வண்டி வெளியே வந்துச்சு. அந்த நாள் பூரா அதே கதைதான்!

பூந்தமல்லி தாண்டினதும் முதல் நிறுத்தம். ஆசைக்காக இல்லை, பட்டைக்காக. புதுசா இழுத்துக் கட்டின நைலான், வண்டி ஓடற ஆட்டத்தில் கொஞ்சம் தளரும். முதல் பதினஞ்சு கிலோமீட்டரில் ஒரு தடவை இறங்கி இழுத்துவிட்டே ஆகணும். மழையில் நனைஞ்சா இன்னும் தளரும்.

டீ சொல்லிட்டு பட்டையை இழுத்துக்கிட்டு இருந்தோம். ஒரு டிவிஎஸ் எக்ஸெல் வந்து பக்கத்தில் நின்னுது. ரெண்டு பக்கமும் பால் கேன். ஓட்டி வந்த பெரியவருக்கு அறுபது வயசு இருக்கும்.

“தம்பி, இந்தக் கட்டு தாங்குமா?”

“தாங்கும்ணே. இப்பதான் செக் பண்ணோம்.”

“ரெண்டு சிக்னலா உங்க பின்னாடிதான் வர்றேன். ரோட்டைப் பாக்குறேனோ இல்லியோ, இந்த சைக்கிளைத்தான் பாத்துக்கிட்டு வர்றேன்.”

அவரே வந்து ஒவ்வொரு பட்டையையும் கையால இழுத்துப் பார்த்தார். பக்கிளைத் தட்டிப் பார்த்தார். பால் கேனைக் கட்டிக் கட்டிப் பழகின கை அது. “ம்… சரியாத்தான் கட்டியிருக்கீங்க. இப்ப பயமில்லாம பின்னாடி வருவேன்” என்று சொல்லிட்டு, டீ வேண்டாம்னுட்டுக் கிளம்பிட்டார்.

கார் கிளம்பியும் கொஞ்ச நேரம் யாரும் பேசலை. இத்தனை நாளா நாங்க பயந்தது அப்பாவோட பெயின்ட்டுக்கு, நண்பனோட சைக்கிளுக்கு. ரெண்டும் போனா காசு போகும், திட்டு விழும், அவ்வளவுதான். ஆனா, எண்பதுல போற காரில் இருந்து பதினஞ்சு கிலோ இரும்பு கழண்டு ரோட்டில் விழுந்தா, அதில் மோதப் போறது காருக்குள்ள பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிற நாம இல்லை. நம்மளை நம்பி பின்னால வர்ற எக்ஸெல்காரர். கடையில் மூணு ரேக்கை மாட்டிப் பார்த்தது, எடை மெஷினில் ஏறினது, சக்கரத்தைக் கழற்றினது எல்லாத்துக்கும் உண்மையான அர்த்தம் அந்த டீக்கடையிலதான் கிடைச்சுது.

அதுக்கப்புறம் ஸ்பீடோமீட்டர் முள் எண்பதைத் தாண்டலை. பாட்டு சவுண்டு கூடக் கொஞ்சம் குறைஞ்சுதான் இருந்துச்சு!

பாலாறு கூட வர…

ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் பைபாஸ், வாலாஜாபேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடின்னு ஊர் ஊரா நகருது பெங்களூர் ஹைவே. வேலூர் தாண்டினதும் ரெண்டு பக்கமும் மலை எழுந்து நிக்க, பாலாறு நம்ம கூடவே வருது. பேர்தான் ஆறு, வருஷத்தில் பாதி நாள் மணல்தான். டோல் கேட்டுக்கு முன்னால வரிசையா வர்ற குட்டிக் குட்டி மேடுகள் இருக்கே, அதுதான் ரேக்குக்கு அரையாண்டுப் பரீட்சை. ‘கடகட’ன்னு ஏறி இறங்கறப்போ மொத்தப் பேரும் பின் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தோம். கீழ்ப் பட்டை தன் வேலையைச் செஞ்சுது. ரேக் எம்பலை!

வாணியம்பாடி தாண்டி, ஹைவேயை விட்டுத் திரும்பி, பொன்னேரிங்கிற ஊரில் மலை அடிவாரம். (சென்னைக்குப் பக்கத்து பொன்னேரி இல்லீங்க, இது வேற!) 2019-ல் வேலூரில் இருந்து பிரிஞ்ச திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கு ஏலகிரி. கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம், மேலே 14 குக்கிராமங்கள், போற வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள்.

காரே இல்லாதவங்க கவலைப்பட வேண்டாம். பக்கத்திலேயே ஜோலார்பேட்டை ஜங்ஷன். சென்னை ரயிலில் சைக்கிளை லக்கேஜா புக் பண்ணி, பார்சல் பெட்டியில் ஏத்திடலாம். இறங்கி அங்கே இருந்தே மிதிக்கலாம். வருஷத்துக்கு ஒரே ஒரு டிரிப்தான்னா, ரேக் வாங்கறதை விட இதுதான் புத்திசாலித்தனம்.

ஏழு உனக்கு… ஏழு எனக்கு!

அடிவாரத்தில் சைக்கிளை இறக்கி, சக்கரம் மாட்டி, ஹெல்மெட் போட்டாச்சு. ரெண்டு சைக்கிள், நாலு பேர். டீல் இதுதான்: முதல் ஏழு வளைவு ஒரு ஜோடி, அடுத்த ஏழு இன்னொரு ஜோடி. மிச்ச ரெண்டு பேர் காரில் மெதுவாப் பின்னால வருவாங்க. இண்டிகேட்டர் ரெண்டையும் போட்டுக்கிட்டு, பஸ் வந்தா ஓரம் கட்டிக்கிட்டு!

இந்த மலையில் ஒரு அழகு உண்டு. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பேர் வெச்சிருக்காங்க. திருவள்ளுவர், கம்பர், ஔவையார், கபிலர், பாரதியார்னு புலவர்கள் ஒரு பக்கம். பாரி, ஓரி, அதியமான், பேகன்னு கடையெழு வள்ளல்கள் இன்னொரு பக்கம். மூச்சு வாங்க வாங்க போர்டைப் பார்க்கிறப்போ ப்ளஸ் டூ தமிழம்மா ஞாபகம் வருவாங்க. கியரைக் குறைச்சு, சீட்டை விட்டு எழாம, ஒரே சீரா மிதிக்கிறவன்தான் இங்கே ஜெயிப்பான். முதல் வளைவிலேயே எழுந்து நின்னு சீன் போட்ட நண்பன், மூணாவது வளைவில் கைப்பிடிச் சுவரில் சாஞ்சு கீழே வாணியம்பாடியை ‘ரசிச்சுக்கிட்டு’ இருந்தான்!

பாரி வளைவில் ஒரு போட்டோ எடுத்தே ஆகணும். படர இடம் இல்லாத முல்லைக்கொடிக்குத் தன் தேரையே விட்டுட்டு நடந்து போன மனுஷன். அப்பாவின் காரை வாங்கிக் கொடுத்த நண்பனை அந்த போர்டுக்குக் கீழே நிறுத்தி ‘நவீன பாரி வாழ்க’ன்னு கோஷம் போட்டோம். “தேரைக் கொடுத்தது எங்கப்பாடா” என்றான் அடக்கமா.

மேலே போய்ச் சேர்ந்ததும் காத்தே வேற. புங்கனூர் ஏரி, அதில் படகு, கரையோரப் பூங்கா. ஆனா, சைக்கிள்காரனுக்கு ஏரியை விட நிலாவூர், அத்தனாவூர் பக்கத்துச் சின்னச் சின்ன ரோடுகள்தான் சொர்க்கம். பலா மரம், கம்பு, கேழ்வரகு வயல், கோழி குறுக்கே ஓடற வீட்டு வாசல். அந்த ரோட்டில் காரை ஓட்டினா ஹாரன்தான் அடிப்போம். சைக்கிள்ல போனா பெரியவங்க நிறுத்தி, “எந்த ஊரு கண்ணு? மிதிச்சேவா மேல வந்தீங்க?” என்று கேக்கறாங்க. தெம்பு மிச்சம் இருந்தா சுவாமிமலை உச்சிக்கு நடையா ஏறலாம்.

இறங்கறப்போ…

கீழே சைக்கிளில் இறங்கறதா, காரில் இறங்கறதா? வாக்கெடுப்பு. தங்கச்சி சைக்கிளின் பிரேக் கட்டை பாதி தேய்ஞ்சிருந்தது. அதனால் சைக்கிள் ரெண்டும் ரேக்குக்கே! பிரேக் கட்டை புதுசா இருந்தா, விடியக்காலையில் வண்டி இல்லாத நேரத்தில் இறங்கலாம். அப்பவும் தொடர்ந்து பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே வராம, விட்டு விட்டுப் பிடிச்சு, நடுவில் நின்னு ரிம்மை ஆறவிட்டு வரணும்.

கொண்டை ஊசியில் கார் திரும்பறப்போதான் சைடு பட்டையின் அருமை தெரிஞ்சுது. எதிரே பஸ் வர்றப்போ சைக்கிள் வெளியே ஆடாம, காரோடு காரா ஒட்டியே திரும்புச்சு. முன் சக்கரத்தைக் கழற்றினதுக்கு இன்னொரு தடவை நன்றி சொன்னோம்.

ஆம்பூர் வந்தா பிரியாணி சாப்பிடாம போறது பாவம். சீரகச் சம்பா அரிசி, பக்கத்தில் புளிப்பா கத்தரிக்காய். ஆனா, டிக்கி ரேக்குக்கு ஒரு வீக்னஸ் இருக்கு. பட்டையை ஒரு பிளேடு போதும் அறுக்க. பூட்டு இருந்தாலும் ரேக்கோட போயிடும். அதனால ரேக்கில் சைக்கிளோட ராத்திரி காரை வெளியே விடவே கூடாது. சாப்பிடப் போனாலும் கார் கண்ணில் படற டேபிளைப் பிடிங்க. இல்லைன்னா ரெண்டு பேர் காவல், ரெண்டு பேர் பிரியாணி, அப்புறம் டியூட்டி மாத்துங்க. காவலுக்கு நிக்கிறவனுக்கு எக்ஸ்ட்ரா லெக் பீஸ்!

வீட்டுக்கு வந்ததும் ரேக்கைக் கழற்றிடுங்க. வெயிலில் காரிலேயே விட்டா நைலான் நைஞ்சு போகும். அடுத்த தடவை மாட்டறதுக்கு முன்னாடி பட்டையில் நூல் பிரிஞ்சிருக்கா, கொக்கியின் ரப்பர் உரிஞ்சிருக்கான்னு பாருங்க. பிரிஞ்சிருந்தா தைக்காதீங்க, புதுப் பட்டை வாங்குங்க.

ரேக் மாட்டி, சைக்கிள் ஏத்தி, எல்லாம் முடிச்சுக் கதவைத் திறக்கிறதுக்கு முன்னாடி இன்னும் ஒரே ஒரு வேலை. காருக்குப் பின்னால இருபது அடி நடந்து போய் நில்லுங்க. பின்னால ஒரு டூவீலரில், பால் கேனோடயோ பிள்ளையை முன்னால நிக்க வெச்சுக்கிட்டோ வர்றவரா உங்களை நினைச்சு அந்தக் கட்டைப் பாருங்க. அவர் இடத்தில் இருந்து பார்க்கிறப்போ மனசு ‘சரி’ன்னு சொல்லுதா? அப்போ சாவியைப் போடுங்க. மலை எங்கேயும் ஓடிப் போயிடாது!